வண்டி உறுமுது, நகர மாட்டேங்குது: பழைய ஃபோர் வீல் டிரைவில் கோளாறு எங்கே என்று பிடிப்பது எப்படி

எஞ்சின் நன்றாக ஓடுகிறது, கியர் விழுகிறது, கிளட்சை விட்டால் வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பழைய ஜீப்போ மாருதி ஜிப்சியோ வைத்திருப்பவர்களுக்கு இந்த நாள் என்றாவது வந்தே தீரும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் யாராவது ஒருவர் "கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கணும்" என்று சொல்வார், நாமும் தலையாட்டுவோம். அவசரப்பட வேண்டாம். எஞ்சினில் தொடங்கும் சுழற்சி சக்கரத்துக்குப் போகிற வழியில் எங்கே நின்றுபோகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, அதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. அதிலும் ஃபோர் வீல் டிரைவில், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில், இது சுலபம், ஏனென்றால் சக்தி போக இரண்டு பாதைகள் இருக்கின்றன, ஒன்றை வைத்து இன்னொன்றைச் சோதிக்கலாம்.

பெங்களூரில் இந்த வண்டிகள் கொஞ்சம் அதிகமாகவே கண்ணில் படும். இராணுவ ஏலத்தில் வந்த ஜிப்சி, குடகு, சிக்மகளூர் எஸ்டேட்டுகளில் உழைத்து முடித்த மஹிந்திரா ஜீப், அப்புறம் டெல்லியிலிருந்து தெற்கே விற்கப்பட்டவை. டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசலும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலும் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. இங்கே 15 வருடம் ஆனதும் தகுதிச் சோதனை முடித்து 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்பதால் வண்டிகள் சாவதில்லை, பழையதாகிக்கொண்டே போகின்றன. வாங்கியவருக்கு அந்த வண்டியின் பூர்வீகம் தெரியாது, அதனால்தான் கீழே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

சக்தி போகும் வழி

எஞ்சினுக்குப் பின்னால் கிளட்ச், அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ். சாதாரண காரில் அங்கிருந்து நேராகச் சக்கரத்துக்குப் போய்விடும். ஃபோர் வீல் டிரைவில் நடுவே ட்ரான்ஸ்பர் கேஸ் என்று ஒரு பெட்டி உண்டு. வரும் சக்தியைப் பின்னால் மட்டும் அனுப்புவதா, முன்னால் பின்னால் இரண்டுக்குமா, சாதாரண வேகத்திலா, லோ கியரிலா என்பதை அதுதான் முடிவு செய்யும். பழைய ஜீப்பில் அது கியர்பாக்ஸின் முதுகில் ஒட்டியே இருக்கும், ஜிப்சியில் தனியாகத் தொங்கும், இரண்டையும் ஒரு குட்டி ஷாஃப்ட் இணைக்கும். அங்கிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு பிராப்பளர் ஷாஃப்ட்டுகள், ஒவ்வொன்றின் இரு முனையிலும் வளைந்து கொடுக்க ஒரு கிராஸ் ஜாயின்ட். பிறகு டிஃபரன்ஷியல், உள்ளே கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும். அதிலிருந்து இடம் வலமாக ஆக்சில் ஷாஃப்ட், கடைசியில் ஹப், சக்கரம். முன்பக்கம் சக்கரம் திரும்பவும் வேண்டும் என்பதால் ஆக்சில் முனையில் ஒரு ஜாயின்ட் கூடுதல். பல வண்டிகளில் முன் ஹப்பின் மேல் கையால் திருகும் ஒரு குமிழும் இருக்கும், அதை லாக்கில் வைத்தால்தான் முன் சக்கரம் ஷாஃப்ட்டோடு சேரும்.

இவ்வளவுதான் மொத்தக் கதை. இந்த வரிசையில் ஏதோ ஒரு இடத்தில் அறுந்திருக்கிறது.

முதலில் வெட்கப்பட வேண்டிய சோதனைகள்

ட்ரான்ஸ்பர் கேஸ் லீவர் நியூட்ரலில் கிடக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். கியர்பாக்ஸின் நியூட்ரல் வேறு, ட்ரான்ஸ்பர் கேஸின் நியூட்ரல் வேறு, இரண்டாவது விழுந்திருந்தால் எந்த கியர் போட்டாலும் வண்டி அசையாது. குழந்தை விளையாடியிருக்கலாம், சர்வீஸ் பையன் தட்டியிருக்கலாம், லீவரின் ரப்பர் பூட் கிழிந்து மண் புகுந்து பாதியில் நின்றிருக்கலாம். இதற்காக வண்டியை ஏற்றிப்போகும் ஃப்ளாட்பெட் லாரி வரவழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து கிளட்ச். சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹாண்ட்பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்தபடி மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்து ஒரு கருகல் வாடையும் வந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. வாடையும் இல்லை, திணறலும் இல்லை, ஏதோ நியூட்ரலில் இருப்பது மாதிரியே ஓடுகிறது என்றால் அறுந்தது வேறு எங்கோ, கிளட்ச் பிளேட்டின் நடுவே ஷாஃப்ட்டோடு கோர்க்கும் பல்வரிசையான ஸ்ப்லைன் மழுங்கியதிலிருந்து ஆக்சில் உடைந்தது வரை எதுவாகவும் இருக்கலாம். இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யக்கூடாது, நல்ல கிளட்சையும் எரித்துவிடும்.

பிராப்பளர் ஷாஃப்ட்டைப் பாருங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி: கியர் போட்டு கிளட்சை விட்டால் பின் பிராப்பளர் ஷாஃப்ட் சுற்றுகிறதா? ஒருவர் ஸ்டியரிங்கில், இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று, டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் என்று சொன்னது சும்மா இல்லை. அறுந்து போன பாகம் திடீரென ஒரு நொடி பிடித்துக்கொண்டால் வண்டி பாயும். யாரும் அடியில் படுக்கக்கூடாது, வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவும் கூடாது.

ஷாஃப்ட் சுற்றவில்லை என்றால் கோளாறு அதற்கு முன்னால். கிளட்ச், கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்பர் கேஸ் இவற்றில் ஒன்று. ஜிப்சி என்றால் நடுவே உள்ள குட்டி ஷாஃப்ட்டையும் பாருங்கள், அது சுற்றி, பின் ஷாஃப்ட் சுற்றவில்லை என்றால் ட்ரான்ஸ்பர் கேஸ்தான், கியர்பாக்ஸை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. மாறாக, பின் ஷாஃப்ட் ஜம்மென்று சுற்றுகிறது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை என்றால் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்பர் கேஸ் நான்குமே நிரபராதி. உடைந்தது பின் ஆக்சிலில்.

இங்கே புதிதாக வருபவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். பின்னால் இரண்டு சக்கரம் இருக்கிறதே, ஒரு பக்க ஆக்சில் உடைந்தால் இன்னொரு பக்கமாவது வண்டியைத் தள்ள வேண்டாமா? தள்ளாது, காரணம் டிஃபரன்ஷியல். திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அனுமதிக்கும் ஏற்பாடு அது. சக்தி எளிதான பக்கமாக ஓடிவிடும் என்று பலர் விளக்குவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நடப்பது அது இல்லை. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஏறக்குறைய சமமான முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். உடைந்த பக்கம் எதிர்ப்பே காட்டாததால் அங்கே விசை கிட்டத்தட்ட பூஜ்யம், ஆகவே நல்ல பக்கத்துக்கும் பூஜ்யம். சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றி வண்டி மாட்டிக்கொள்வதும் இதே கணக்கினால்தான்.

இரண்டாவது பாதையை வைத்துச் சோதிப்பது

இப்போது முன் ஹப் இரண்டையும் லாக் செய்து, லீவரை ஃபோர் ஹையில் (நான்கு சக்கரம், சாதாரண வேகம்) போட்டு, மெதுவாகக் கிளட்சை விடுங்கள். வண்டி நகர்ந்துவிட்டதா? அப்படியானால் கோளாறு ட்ரான்ஸ்பர் கேஸிலிருந்து பின்னால் போகும் பாதையில் மட்டும், முன் சக்கரம் இழுத்துக்கொண்டு போகிறது. ஃபோர் ஹையிலும் நகரவில்லை, ஷாஃப்ட் இரண்டும் சுற்றவுமில்லை என்றால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான பகுதியில். முன்பக்கம் உடைந்ததைக் கண்டுபிடிப்பது இன்னும் தாமதமாகும். டூ வீல் டிரைவில் வண்டி ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்கும், ஏதாவது மலையடிவாரத்தில் ஃபோர் வீல் போட்டபோதுதான் முன் சக்கரம் ஒத்துழைக்கவில்லை என்று தெரியும்.

அல்சூரில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பழைய ஜீப் இருந்தது, ஏரிக்கரை ரோட்டில் நின்றுவிட்டது. வந்து பார்த்த மெக்கானிக் கியர்பாக்ஸ் என்றார். ஷாஃப்ட் சுற்றுவது கண்ணால் தெரிந்தது. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் (அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் வடிவமைப்பில் வந்தவை) பின் ஆக்சிலின் முனை கூம்பாக இருக்கும், அதன் மேல் ஹப் இறுக்கமாக உட்கார்ந்து, நடுவே ஒரு சிறிய கீ, வெளியே ஒரு பெரிய நட்டு, அதற்கு ஊசி. தூசி மூடியை எடுத்துவிட்டு நட்டிலிருந்து ஹப் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டோம். எஞ்சினை ஐடிலில் விட்டு முதல் கியர் போட்டதும், ட்ரம் அப்படியே நிற்க, நட்டு மட்டும் சாவகாசமாகச் சுற்றியது, கோடு இரண்டாக உடைந்து போனது. ஆக்சில் முழுசாக இருக்கிறது, கீ தான் அறுந்திருக்கிறது. அந்தப் பக்கம் நட்டு சுற்றாமல் இருந்திருந்தால் ஷாஃப்ட் உள்ளே உடைந்திருக்கலாம் என்று அர்த்தம், மறுபக்கத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். "அண்ணா, நட்டு லூசாகி ரொம்ப நாளா ஆடிட்டிருந்திருக்கும், கூம்புதான் புடிக்கணும், கீ சும்மா தொணைக்கு" என்று அதே மெக்கானிக் பிற்பாடு சொன்னது சரியான விளக்கம். நட்டை முழு இறுக்கத்துக்குக் கொண்டுவராவிட்டால் எத்தனை புதுக் கீ போட்டாலும் அறுந்துகொண்டே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. வில்லிஸ் வகை ஜீப்புகளில் ஹாண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்பர் கேஸின் பின்னால் உள்ள ட்ரம்மில் இருக்கிறது. அது பிடிப்பது ஷாஃப்ட்டை. ஷாஃப்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அறுந்து போயிருந்தால் ஹாண்ட்பிரேக் போட்டும் பயனில்லை, கியரில் விட்டும் பயனில்லை, சரிவில் வண்டி உருண்டுவிடும். கட்டையோ கல்லோ வைக்காமல் இறங்காதீர்கள்.

முன் சக்கரத்தை வைத்து வீடு வரை ஓட்டலாமா? பின்பக்கம் துண்டாகிவிட்டதால் தார் ரோட்டில் ஃபோர் ஹை போட்டாலும் இறுக்கம் ஏறாது, அந்தக் கவலை இல்லை. ஆனால் செமி ஃப்ளோட்டிங் ஆக்சிலில், ஜிப்சியின் பின் ஆக்சில் அந்த ரகம், வண்டியின் எடையையும் அதே ஷாஃப்ட்தான் தாங்குகிறது. பேரிங்குக்கு வெளியே உடைந்திருந்தால் சக்கரமும் ட்ரம்மும் சேர்ந்து கழன்று வெளியே வரும். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கொஞ்சம் ஆடினாலும் ஃப்ளாட்பெட்டைக் கூப்பிடுவதுதான் நல்லது. ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில் என்றால் எடையை ஹவுசிங் தாங்கும், உடைந்த ஷாஃப்ட்டை உருவி எடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டே வரலாம்.

ஜாக்கியில் தூக்கி, எஞ்சின் இல்லாமலே

எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பது பயமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு, எனக்கு இதுதான் பிடிக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, பின் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. லீவர் டூ ஹையில் (பின் சக்கரம் மட்டும், சாதாரண வேகம்) இருக்கட்டும், கியரில் போட்டு ஹாண்ட்பிரேக்கை விட்டுவிடுங்கள். இப்போது ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் சுற்றி மறுபக்கம் சிலை மாதிரி நின்றால் இரண்டில் ஒரு ஷாஃப்ட் உடைந்திருக்கிறது. எந்த எதிர்ப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும் பக்கத்தை முதலில் சந்தேகப்படுங்கள். சுற்றும்போது உள்ளே கரகரவென்று பல் கடிக்கும் சத்தம் கேட்டால் உடைந்த துண்டு கிரவுன் பினியனுக்குள் போய்விட்டது, மேற்கொண்டு சுற்றாதீர்கள். முன் ஆக்சிலுக்கும் இதே முறைதான், பின் சக்கரத்துக்குக் கட்டை, ஹப் லாக், லீவர் ஃபோர் ஹை.

ஒரு ஆக்சிலை மட்டும் தூக்கிவிட்டு ஃபோர் வீலில் போட்டு எஞ்சினை ஓட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இழுத்துத் தள்ளிவிடும்.

இன்னும் உடையவில்லை, சத்தம் மட்டும் வருகிறது

பெரும்பாலான உடைசல்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. முதல் கியரிலிருந்து ரிவர்ஸ் போடும்போது அடியில் "டங்" என்று ஒரு அடி விழுந்தால் கிராஸ் ஜாயின்ட்டைப் பாருங்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில், ஜாயின்ட்டின் இரு பக்கத்தையும் இரு கையால் பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும். ஷாஃப்ட் முழுதும் கொஞ்சம் சுற்றுவது பரவாயில்லை, டிஃபரன்ஷியல் பற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கத்தான் செய்யும். ஆனால் கிராஸுக்குள் மயிரிழை ஆட்டம்கூட இருக்கக்கூடாது. அதன் கப்பைச் சுற்றி செம்பொடி மாதிரி துரு படிந்திருந்தால் கிரீஸ் வற்றி ஊசிகள் அரைபடுகின்றன. கிரீஸ் கன் அடிக்கும்போது நான்கு முனையிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வர வேண்டும், மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்றுதான் நாளைக்கு வம்பு பண்ணும்.

சத்தத்தின் வேகத்தை வைத்தே ஆளைப் பிடிக்கலாம். டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏழெட்டு முறை சுற்றும். டிஃபரன்ஷியல் விகிதம் 3.9 என்றால் பிராப்பளர் ஷாஃப்ட் நொடிக்கு 30 முறை. ஆக, எண்ணிவிடலாம் போல் தடதடவென்று வரும் ஆட்டம் டயரிலிருந்தோ ட்ரம்மிலிருந்தோ வருகிறது, எண்ண முடியாத ரீங்காரமாக இருக்கையைத் தொட்டு வரும் அதிர்வு பிராப்பளர் ஷாஃப்ட்டிலிருந்து. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது ஊளையிட்டு விட்டதும் குரல் மாறினால் கிரவுன் பினியன். இடது பக்கம் வளையும்போது உறுமல் கூடினால் வலது சக்கர பேரிங், ஏனென்றால் எடை அந்தப் பக்கம் சாய்கிறது. ஃபோர் வீலில் முழு ஸ்டியரிங் ஒடித்துத் திரும்பும்போது முன்னால் "கடக் கடக்" என்றால் முன் ஆக்சில் ஜாயின்ட்.

இங்கேயும் இரண்டு பாதை என்ற வசதி கைகொடுக்கும். முன் ஹப்பை ஃப்ரீயில் போட்டு டூ ஹையில் ஓட்டினால் முன் ஷாஃப்ட், முன் டிஃபரன்ஷியல் எதுவும் சுற்றாது. சத்தம் காணாமல் போனால் அது முன்பக்கத்துச் சத்தம். பெங்களூர் நைஸ் ரோட்டில் ஒரே வேகத்தில் ஒரு முறை ஹப் லாக் செய்து, லீவரை டூ ஹையிலேயே வைத்து, இன்னொரு முறை ஃப்ரீயில் விட்டு ஓட்டிப் பாருங்கள், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாதே என்பது ஏன்

பழைய வண்டிகளில் இருப்பது பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். ஃபோர் ஹை போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போதோ முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன, அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில், சேற்றில் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்காது, அந்த இறுக்கம் முழுவதும் ஷாஃப்ட்டிலும் பற்களிலும் ஏறிக்கொண்டே போகும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல் இருக்கும், லீவர் டூ ஹைக்கு வர மறுக்கும். லீவரை அடித்து இழுக்காதீர்கள், நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் போனால் இறுக்கம் விட்டுத் தானாகவே வந்துவிடும். முன்னால் ஒரு அளவு டயரும் பின்னால் வேறு அளவும் போட்டிருந்தால் நேராக ஓடும்போதே இதே கதைதான், முன்னால் புதுசு பின்னால் மொட்டை என்பதுகூட அந்த வகையில் சேர்த்தி.

உடைந்த ஷாஃப்ட் என்ன சொல்கிறது

வெளியே எடுத்த உடைந்த ஆக்சிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உடைந்த முகத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு ஓரத்திலிருந்து பரவிய மாதிரி வழுவழுப்பாக, வளைவு வளைவான கோடுகளோடு ஒரு பகுதியும், மீதி சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி சொரசொரப்பாகவும் இருந்தால் அது அன்றைக்கு உடைந்தது இல்லை. வெகுநாளாக ஒரு விரிசல் மெல்ல ஊர்ந்து வந்து, மிச்சம் இருந்த இரும்பு கடைசியில் கைவிட்டிருக்கிறது. துருப்பிடித்த குழி, ஆயில் சீல் தேய்த்த பள்ளம், முன்னால் யாரோ வெல்டிங் பொட்டு வைத்த இடம் இப்படி ஏதாவது அந்த ஓரத்தில் இருக்கும். முகம் முழுதும் ஒரே மாதிரியாக இருந்து ஸ்ப்லைன் கோடுகள் கயிறு போல முறுக்கியிருந்தால் அது ஒரே அடியில் தாங்காமல் போனது, குற்றவாளி ஓட்டியவரின் வலது கால்.

அந்தக் காலுக்கு எவ்வளவு பலம் என்று ஒரு கணக்குக்குப் பாருங்கள். எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கொடுக்கிறது, முதல் கியர் 3.6 மடங்கு, லோ ரேஞ்ச் 2.3 மடங்கு, டிஃபரன்ஷியல் 3.9 மடங்கு. பெருக்கினால் 3,200ஐத் தாண்டும். நான்கு சக்கரமும் பங்கு போட்டுக்கொண்டால் ஒன்றுமில்லை. அந்தரத்தில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் திடீரெனப் பாறையில் பட்டுப் பிடிக்கும் நொடியில் அந்த வேகமும் சேர்ந்துகொள்ள மொத்த அடியும் ஒரு ஷாஃப்ட்டின் மேல் விழுகிறது. ராமநகரப் பாறைகளில் கிளட்சைப் படாரென்று விட்டுக் குதிக்கவைப்பவர்கள் ஆக்சில் தரமில்லை என்று புலம்புவதில் நியாயமில்லை.

சரி செய்வது

கிராஸ் மாற்றுவது, ஆயில் சீல், ஹப் பேரிங், செமி ஃப்ளோட்டிங் ஆக்சிலை உருவி எடுப்பது, இவையெல்லாம் ஓரளவு கருவியும் பொறுமையும் உள்ளவர் செய்யலாம். பிராப்பளர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும், நடுவே உள்ள நழுவும் ஸ்ப்லைனிலும் பெயின்டால் கோடு போட்டுவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது ஷாஃப்ட்டின் இரு முனை கவைகளும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், ஸ்ப்லைன் தள்ளி மாட்டிவிட்டால் புதுக் கிராஸோடும் வண்டி அதிரும்.

உடைந்த ஆக்சிலின் ஒரு துண்டு உள்ளேயே சிக்கியிருக்கும். காந்தம் கட்டிய கம்பியால் வெளியே வரலாம், வராவிட்டால் மறுபக்க ஷாஃப்ட்டையும் உருவி அங்கிருந்து தள்ள வழியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் டிஃபரன்ஷியலை இறக்குவதுதான் வழி. உடைந்ததை லேத்தில் கொடுத்து வெல்டு வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆக்சில் சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்திய எஃகு, வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும்.

கிரவுன் பினியன் வேலை நமக்கு வேண்டாம். அது ஜோடியாக உரசிப் பழக்கிய பொருள், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. பல்லிடைவெளியை ஷிம் என்ற மெல்லிய தகடுகள் வைத்து டயல் கேஜில் மில்லிமீட்டரின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவுக்குள் கொண்டுவந்து, பல்லில் சாயம் தடவி எங்கே படுகிறது என்று பார்த்து, மறுபடி ஷிம் மாற்றிப் பார்க்க வேண்டும். டயல் கேஜ் இல்லாமல் கைப்பக்குவத்தில் செட் பண்ணுகிறேன் என்பவரிடம் கொடுத்தால் ஊளைச் சத்தத்தோடுதான் வண்டி திரும்பி வரும்.

பொருள் வாங்க ஜே.சி. ரோடு, பழைய சாமானுக்கு சிவாஜி நகர். இரண்டு இடத்திலும் தமிழில் பேரம் பேசலாம், உடைந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் பாதிப் பேச்சு மிச்சம். ஸ்ப்லைன் பற்களை எண்ணுங்கள், நீளத்தை அளந்து பாருங்கள், இடது ஷாஃப்ட்டும் வலது ஷாஃப்ட்டும் பல வண்டிகளில் ஒரே நீளம் இல்லை. பழைய டிஃபரன்ஷியலை முழுசாக வாங்குவதாக இருந்தால் விகிதத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல் என்றால் 5.38, வில்லிஸ் ஜீப்புகளில் வந்தது அது. முன்னால் 5.38 இருக்கப் பின்னால் 4.88 மாட்டினால் டூ வீலில் எதுவும் தெரியாது, ஃபோர் வீல் போட்ட கணமே முன்னும் பின்னும் மல்லுக்கட்டும். கை மாறிக் கை மாறி வந்த ஜீப்புகளில் இதை எதிர்பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஆயில்

டிரெயின் போல்ட்டைத் திறப்பதற்கு முன் மேலே நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். ஆயிலை எல்லாம் ஊற்றிவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்து அசையாமல் நின்றால் வண்டியை எங்கும் எடுத்துப்போக முடியாது. டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியதை விரலில் எடுத்துத் தேயுங்கள். மைபோல வழுக்கினால் சாதாரணத் தேய்மானம். ஊசி ஊசியாகக் குத்தினால் பேரிங், செதிலாக வந்தால் பல் உரிகிறது, துண்டாகவே வந்தால் அன்றே திறந்து பார்க்க வேண்டும். ஆயில் காபி நிறத்தில் நுரைத்து வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு மூழ்கியபோது ஆக்சில் வரை தண்ணீரில் போன வண்டிகள் எத்தனை! தண்ணீர் எஞ்சினுக்குப் போகவில்லை என்று நிம்மதியாக இருந்தவர்களில் எத்தனை பேர் டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அதைத் தடுக்கத்தான் ஹவுசிங் மேல் ப்ரீதர் என்று ஒரு சிறு துவாரம். அது சேற்றால் அடைத்திருந்தால், சூட்டில் உள் அழுத்தம் கூடி ஆயில் சீலைத் தாண்டி பிரேக் ட்ரம்முக்குள் கசியும், நாம் சீலைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்போம்.

எந்த ஆயில்? டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 ரக 80டபிள்யூ-90 பழைய வண்டிகளில் பரவலாகப் போடுவது. கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் உள்ள பழைய கியர்பாக்ஸில் அதையே ஊற்றக்கூடாது, அதிலுள்ள கந்தகச் சேர்க்கை பித்தளையைத் தின்னலாம், அங்கே ஜிஎல்-4. வண்டியின் கையேடு சொல்வதுதான் இறுதி.

புது கிரவுன் பினியனோ பேரிங்கோ போட்டிருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டர் அதிக பாரமும் அதிக வேகமும் இல்லாமல் ஓட்டி, பத்து நிமிடம் ஓடி பத்து நிமிடம் நிறுத்தி ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத அளவு சுட்டால் பேரிங் இறுக்கம் அதிகம், செட் செய்தவரிடமே திரும்பக் கொண்டுபோங்கள். 500 கிலோமீட்டர் ஆனதும் அந்த ஆயிலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றி, பிராப்பளர் ஷாஃப்ட் போல்ட் எல்லாவற்றையும் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிடுங்கள்.